சந்தனம் தனியாக வளராது

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வீட்டு வாசலில் சந்தனக் கன்று வைத்தேன். சுற்றிலும் ஒரு புல் பூண்டு முளைக்க விடாமல் சுத்தமாக வைத்து, தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வருடத்துக்குள் இலை வெளிறிக் காய்ந்துவிட்டது. சந்தனம் குடும்பத்துக்கு ஆகாது, அதுதான் பட்டுப்போச்சு என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார்கள். உண்மையா?"

ஆகாது போகாது என்பதெல்லாம் இல்லை. அந்தக் கன்று பெரும்பாலும் பட்டினியில்தான் செத்திருக்கும். பட்டினி போட்டது அந்தச் சுத்தம். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் படத்தில் காட்டுவதைவிட ஜவ்வாது மலையில் காட்டுவது எளிது என்பதால், அங்கே பார்த்ததிலிருந்தே சொல்கிறேன்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போனால் சுமார் 25 கிலோமீட்டரில் அமிர்தி. பூங்காவையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் வழக்கம். அதற்கு அப்பால் காடு தொடங்குகிறது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு பங்குனிக் காலையில் ஏறினேன். மேலே சரிவெல்லாம் மொட்டை மரங்கள், சூடேறிய பாறை. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்துக்குள் இறங்கினதும் உடம்பே வேறு மாதிரி உணர்கிறது. புங்கன், நாவல், மூங்கில், காய்ந்த ஓடையில் அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர். மழையில் அடித்து வந்த மண் சேர்வதும், பாறை இடுக்கில் இறங்கின நீர் கீழே கசிவதும் இந்தப் பள்ளத்தில்தான். அதனால்தான் சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போதும் இங்கே பச்சை மிஞ்சுகிறது.

பள்ளத்தின் ஓரத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு சந்தன மரம். பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. மெலிந்த கிளைகள், சின்ன இலைகள், கிள்ளி முகர்ந்தால் வாசனையும் கிடையாது. மணம் உள்ளே இருக்கும் நடுக்கட்டையில், அதாவது வைரத்தில்தான், அதுவும் பல வருடம் வளர்ந்த மரத்தில்தான். பெரியவர் மரத்தைக் காட்டவில்லை, கரையைக் காட்டினார். போன மழையில் கரை சரிந்து வேர்கள் வெளியே தெரிந்தன. "தனியா வெச்சா பொழைக்காது தம்பி. பக்கத்துல ஏதாவது ஒண்ணு வேணும்" என்றார்.

குனிந்து பார்த்தேன். சந்தனத்தின் மெல்லிய வேர் ஒன்று, பக்கத்துப் புங்கனின் வேரைத் தொடும் இடத்தில் மிளகு அளவுக்குப் புடைத்து, அந்த வேரை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருந்தது. விரல் நுனியால் தொட்டேன். மண் உதிர்ந்தது, பிடி அசையவில்லை. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

இதன் பெயர் உறிஞ்சுவேர். சந்தனம் ஒரு பகுதி வேர் ஒட்டுண்ணி என்று பள்ளியில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்திருப்போம். மாமரக் கிளையில் புல்லுருவி செய்யும் வேலையைச் சந்தனம் மண்ணுக்கடியில் செய்கிறது, இரண்டும் தூரத்து உறவுக்காரர்கள்தான். 1871-ல் தாவரவியலாளர் ஜான் ஸ்காட் இதை எழுதினார். பிறகு சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்த பார்பர், 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த உறிஞ்சுவேரை நுண்ணோக்கியின் கீழ் அறுத்து அறுத்துப் பார்த்தார். பின்னால் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான்.

சரி, அந்த மிளகுக்குள் என்ன நடக்கிறது? முதலில் கவ்வல். புடைப்பின் விளிம்பு மடிந்து பக்கத்து வேரை இறுக்கிப் பிடிக்கிறது. பிறகு நடுவிலிருந்து ஆப்பு மாதிரி ஒரு திசு வளர்ந்து, நொதிகளால் பட்டையை இளக்கிக்கொண்டே உள்ளே இறங்கி, தண்ணீர் போகும் சைலம் வரை போய் நிற்கிறது. சர்க்கரை ஓடும் புளோயத்தோடு அதற்குத் தொடர்பில்லை. சர்க்கரையைத்தான் தன் பச்சை இலையில் தானே செய்துகொள்கிறதே! அதற்கு வேண்டியது தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும், முக்கியமாக நைட்ரஜனும். குழாயோடு குழாயை நேராகப் பொருத்திவிடுவதும் இல்லை. இணையும் இடத்தில் பெரும்பாலும் உயிருள்ள செல்களாலான ஒரு அடுக்கு இருக்கிறது, வருவது அதைக் கடந்துதான் வர வேண்டும்.

ஆனால் புங்கனின் தண்ணீர் எதற்காகத் தன் இலைக்குப் போகாமல் சந்தனத்துக்கு வர வேண்டும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மரத்தில் பம்பு கிடையாது. இலைத்துளை வழியாக நீர் ஆவியாகப் போகப்போக, கீழேயுள்ள நீர் இழுபடுகிறது. ஒரே இளநீரில் இரண்டு பேர் ஸ்ட்ரா போட்டால் பலமாக உறிஞ்சுபவருக்குத்தான் அதிகம் போகும், இல்லையா? இந்த வகை ஒட்டுண்ணிகள் இலைத்துளைகளைத் தாராளமாகத் திறந்து வைத்து, தாங்கள் ஒட்டியிருக்கும் புரவல மரத்தைவிட வேகமாக நீரை ஆவியாக்குகின்றன. தங்கள் சாற்றில் கரைபொருள்களையும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து இழுவிசையைக் கூட்ட, தண்ணீர் இந்தப் பக்கம் சாய்கிறது. மற்ற செடிகள் சிக்கனம் பிடிக்கும் வெயிலில் இது செலவாளியாக இருப்பதாலேயே பிழைக்கிறது. இப்படி ஒரு வழி மண்ணுக்கடியில் உருவாகியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஆளைப் பார்த்து ஒட்டுவதும் இல்லை. சந்தனம் ஒட்டும் தாவரங்கள் என்று 300-க்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். சில சமயம் தன் வேரையே கவ்விக்கொள்கிறது. ஆனாலும் நைட்ரஜனைச் சேர்க்கும் துவரை, அகத்தி, சவுக்கு போன்றவற்றோடு இருந்தால் செழிப்பு தனி.

சந்தனத்தின் பக்கத்தில் நிற்கும் மரமும் மணக்கும் என்று சொல்வார்கள். அழகான உவமை, ஆனால் நடப்பது நேர்மாறு. பக்கத்து மரம்தான் சந்தனத்துக்குக் கொடுக்கிறது. இதை ஒப்புக்கொள்வதால் சந்தனத்தின் மதிப்பு குறையாது, புங்கனின் மதிப்பு கூடும்.

இந்த மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்க்கிறது. விண்மீனுக்குப் பல பத்தாண்டுப் பொறுமை வேண்டும் என்று நாடு புரிந்துகொண்டதன் பலன் அது. அந்தப் பொறுமை வேருக்கும் வேண்டும் என்பது என் கட்சி. சந்தனத்தில் வைரம் சேரவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தால், எந்தப் புரவலனோடு வளர்ந்த மரத்தில் எண்ணெய் எப்படி அமைகிறது என்பதை யார் காத்திருந்து பார்ப்பது? திருட்டில் இவ்வளவு சந்தனத்தை இழந்த இந்த மலையிலேயே முப்பது வருடச் சோதனைத் திடல் ஒன்று வைக்கலாம். பெரியவரைப் போன்றவர்களைச் சம்பளத்தோடு அதில் சேர்க்கலாம்.

காட்பாடி நண்பருக்கு இனி நேரடியாக. அடுத்த கன்று வாங்கும்போது அதே பையில் துவரையோ வேறு சிறு செடியோ கூட இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேரைக் கலைக்காமல் இரண்டு துவரை விதையை ஓரமாக ஊன்றுங்கள். துவரை தலைக்கு மேலே போய் நிழல் கட்டினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்க வேண்டாம். நடும்போது பக்கத்தில் ஒரு அகத்தி, நாலைந்து அடி தள்ளி ஒரு சவுக்கு. 2002 முதல் பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றாலும், வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கவலைக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. இப்போதைக்கு, பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு பிடி அகத்திக்கீரை பறித்துக் கொடுங்கள்.