தாய்ப்பாலில் இறங்கும் நஞ்சு

பிசிபி என்ற வேதிப்பொருள் வகையை மின்மாற்றி எண்ணெய்களுக்காக 1929 முதல் தயாரித்த ஆலைகள், ஆர்க்டிக் பனிக்கு வெகு தொலைவில் இருந்தன. ஆனாலும் துருவக் கரடியின் கொழுப்பைச் சோதித்தால் பிசிபி கிடைக்கிறது. எதிர்முனையான அண்டார்க்டிகாவிலும் 1960களிலேயே பெங்குவின்களின் உடலில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி இருந்தது தெரியவந்தது.

இந்த நஞ்சுகள் வெப்பமான இடங்களில் மெல்ல ஆவியாகிக் காற்றில் கலக்கும். குளிர்ந்த இடம் வந்ததும் படியும். வெயில் ஏறினால் மறுபடி கிளம்பும். இப்படித் தாவித் தாவித் துருவம் வரை போய்விடும். அங்குள்ள குளிரில் திரும்பக் கிளம்புவது கடினம், சிதைவதும் மிக மெதுவாகத்தான். கடல் நீரோட்டங்களும் தம் பங்குக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

சரி, கடல்நீரில் இருப்பது மிகச் சொற்பம்தானே? ஆமாம், ஆனால் இவை நீரில் கரைய மறுத்துக் கொழுப்பைத் தேடிப் போகும். நுண்பாசியிலிருந்து சிறு இறால் போன்ற உயிரிகளுக்கும், அங்கிருந்து துருவக் காட் மீனுக்கும், சீலுக்கும், கடைசியில் கரடிக்கும் ஏறுகின்றன. தின்ற இரை செரித்துப் போய்விடும், நஞ்சின் பெரும்பகுதி உடலிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடும். கரடியின் ஈரல் சில பிசிபிகளை உடைக்கத்தான் செய்கிறது. ஆனால் உடைந்தவற்றில் சில தைராய்டு ஹார்மோனை ஒத்திருப்பதால், அந்த ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

குளிரில் உயிர் காக்கும் கொழுப்பே நஞ்சுக் கிடங்காகவும் இருப்பதுதான் இதில் பெருங்கொடுமை. இரை கிடைக்காத மாதங்களில் கொழுப்பு கரையும்போது, அதில் அடைந்திருந்தது இரத்தத்தில் கலக்கிறது. ஓர்கா திமிங்கிலங்களில் ஆணுக்கு வயது ஏற ஏற பிசிபி கூடிக்கொண்டே போகும். பெண்ணுக்கோ குட்டி போட்டதும் குறைகிறது. காரணம், கொழுப்பு மிகுந்த பால் வழியே அது குட்டிக்குப் போய்விடுகிறது. அதிலும் தலைக்குட்டிக்குத்தான் அதிகம். அதுவரை தாய் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதி அதன் உடலில் இறங்குகிறது. நோய் எதிர்ப்பாற்றல் முழுதாக உருவாகாத பருவத்தில் அதற்கு இந்தச் சுமை. உலகின் ஓர்கா கூட்டங்களில் பாதிக்கு மேல் பிசிபியால் நலியக்கூடும் என்று 2018இல் ஓர் ஆய்வு எச்சரித்தது.

2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கை முதலில் 12 நஞ்சுகளைக் கட்டுப்படுத்தியது. ஆர்க்டிக்கில் பழைய நஞ்சுகள் பல மெல்லக் குறைகின்றன, அது உண்மையான வெற்றி. அப்புறம் கவனத்துக்கு வந்தது, கறையும் நீரும் ஒட்டாத பூச்சுகளில் பயன்பட்ட பிஎஃப்ஓஎஸ் என்ற வேதிப்பொருள். அது கொழுப்பை நாடாமல் புரதத்தில் ஒட்டி, இரத்தத்திலும் ஈரலிலும் சேர்கிறது. 2009இல்தான் அது அந்தப் பட்டியலில் ஏறியது. அதற்குள் துருவக் கரடிகளின் ஈரலை எட்டிவிட்டது.