செஸ் பலகையைப் பரணில் போடுவது வைத்தியம் அல்ல

போன வாரமும் ஒரு அப்பா வந்தார். மகன் மூன்று மாதமாக ராத்திரி தூங்குவதில்லை, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்கிறான். வீட்டில் செய்த வைத்தியம், செஸ் பலகையைப் பரண்மேல் போட்டது. "முதல் உலக சாம்பியனே பைத்தியமாகித்தானே செத்தாரு டாக்டர்?" என்று செல்போனில் வீடியோவும் காட்டினார். இதை எத்தனை பேரிடம்தான் கேட்பது!

சரி, அந்த வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் கதையையே பார்ப்போம். 1836இல் பிராக் நகரில் பிறந்தவர். 1886இல் ஜூகர்டார்ட்டை வென்று உலக சாம்பியன் ஆனார். ராஜாமீது பாய்வதுதான் வீரம் என்றிருந்த காலத்தில், சின்னச் சின்னச் சாதகங்களைச் சேர்த்துக்கொண்டு பிறகு தாக்கு என்று கற்றுக்கொடுத்தவர். 1888இல் மகள் ஃபுளோராவைப் பறிகொடுத்தார், 1892இல் மனைவியை. 1894இல் லாஸ்கரிடம் பட்டம் போனது. மாஸ்கோவில் நடந்த மறுபோட்டியிலும் தோற்றபின், 1897இல் மனம் குலைந்து அங்கேயே 40 நாள் மருத்துவமனையில் இருந்தார்.

வீடியோ இதோடு முடிந்துவிடுகிறது. அவர் வாழ்க்கை முடியவில்லை. மருத்துவமனைக்குள்ளேயே மற்ற நோயாளிகளோடு செஸ் ஆடினார். வெளியே வந்து 1898இல் வியன்னாவின் பெரிய போட்டியில் நான்காம் இடம் பிடித்தார், 62 வயதில்! ஆட்டம்தான் நோய் என்றால் இது எப்படி நடக்கும்? 27 வருடம் பட்டத்தை வைத்திருந்த லாஸ்கருக்கு ஏன் எதுவும் வரவில்லை? ஸ்டைனிட்ஸ் கடவுளோடு தொலைபேசியில் செஸ் ஆடினார் என்று ஒரு கதை சொல்வார்கள், அதற்கும் ஆதாரம் கிடையாது.

1900இல் நோய் திரும்பியது. ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில் மனநல மருத்துவமனையிலேயே இறந்தார். இறந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது எங்கள் தொழிலில் முறையல்ல. ஆனால் இல்லாத குரல் கேட்கிற மனச்சிதைவு நோய்க்கு உருப்படியான முதல் மருந்து வந்ததே 1952இல்தான். அவருக்குக் கிடைக்காதது உங்கள் பிள்ளைக்குப் பக்கத்து ஊரிலேயே கிடைக்கிறது.

தூக்கம் கெட்டு, தனியாகப் பேசி, காரணமில்லாமல் சந்தேகப்பட்டால் உடனே கூட்டிவாருங்கள். மந்திரித்துக்கொண்டு மாதக்கணக்கை ஓட்டாதீர்கள். சாகப்போகிறேன் என்றால் அன்றைக்கே வாருங்கள், தனியே விடாதீர்கள். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், பிள்ளைக்குப் பிடித்ததை தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

அந்த அப்பாவிடம், பையன் கடைசியாக எப்போது ஆடினான் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பலகை பரணுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே அவன் அதைத் தொடுவதை விட்டிருந்தான்.