முட்டி வீங்கியது சனிக்கிழமை, சொன்னது புதன்கிழமை

ஜெர்மனியில் பிசியோவாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிற கால்பந்து ஆட்கள் டிவியில் தெரிகிறவர்கள் இல்லை. நான்காம் அடுக்கான ரெகியோனால்லீகாவில் ஆடுகிறவர்கள். 2012 முதல் ஐந்து பிரிவுகளாக நடக்கும் இந்த அடுக்கில் முழுநேர ஆட்டக்காரரும் இருப்பார், காலையில் கிடங்கில் வேலை செய்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவரும் இருப்பார்.

ஒரு சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், 28 வயது. கார்னர் பந்தைத் தலையால் அடிக்க எம்பி ஒற்றைக்காலில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்கி, 'டப்' என்று அவருக்கே சத்தம் கேட்டிருக்கிறது. எழுந்தார், நடக்க முடிந்தது, மீதி இருபது நிமிடமும் ஆடியே விட்டார். ராத்திரி முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியும் கிளப்பில் மூச்சு விடவில்லை, ஏனென்றால் அது ஏப்ரல் மாதம், ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிகிறது, அடிபட்ட தடுப்பாட்டக்காரருக்கு யார் புது ஒப்பந்தம் கொடுப்பார்கள்?

புதன்கிழமை என்னிடம் வந்தார். தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் 'டக்' என்று நிற்க வேண்டும். நிற்கவில்லை, குழைந்து வந்தது. அவர் முட்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டியை நிலையாகப் பிடித்திருக்கும் முன் சிலுவை ஜவ்வு போயிருந்தது.

ஜவ்வைக் கூடத் தைத்துவிடலாம், காகிதம்தான் பாடாய்ப் படுத்தியது. சம்பளம் வாங்கி ஆடுகிறவருக்கு ஆட்டத்தில் படும் அடி பொதுவாக வேலை விபத்துக் கணக்கு, வி.பி.ஜி என்ற விபத்துக் காப்பீட்டு அமைப்பு பார்த்துக்கொள்ளும். அதற்கு முதலில் போக வேண்டியது குடும்ப மருத்துவரிடம் அல்ல, வேலை விபத்துகளுக்கென்றே இருக்கிற 'டே-ஆர்ட்ஸ்ட்' மருத்துவரிடம். இவரோ திங்கட்கிழமை குடும்ப மருத்துவரிடம் "முட்டி வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தார். விபத்து எங்கே, எப்போது என்று ஒரு வரி இல்லை. எதிரணி எடுத்திருந்த வீடியோ கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

விபத்து என்று ஏற்றுக்கொண்டால், கிளப் ஆறு வாரம் சம்பளம் தந்த பிறகு வழக்கமான மொத்தச் சம்பளத்தில் 80 சதவீதம், கைக்கு வருவதைத் தாண்டாமல், பெரும்பாலும் 78 வாரம் வரை கிடைக்கும். நடுவில் ஒப்பந்தம் முடிந்தாலும் அதற்காக நின்றுவிடாது. உழைக்கும் திறன் 20 சதவீதமாவது நிரந்தரமாகக் குறைந்தால் ஓய்வூதியம்கூட உண்டு. நாற்பது வயதில் மூட்டு தேய்ந்தபின் கேட்கப் போனால், அன்றைய பதிவைத்தான் தேடுவார்கள்.

தலையில் அடி என்றால் இன்னும் மோசம். 2014 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி ஆட்டக்காரர் கிறிஸ்டோஃப் கிராமர் மோதி விழுந்த பிறகு, இது இறுதி ஆட்டம்தானா என்று நடுவரிடமே கேட்டார். அப்படியும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அத்தனை கேமரா முன்னாலேயே அந்தக் கதி. நான்காம் அடுக்கு மைதானத்தில் யார் பார்க்கப்போகிறார்கள், பக்கத்தில் நிற்கிற சக ஆட்டக்காரர்தான் கை காட்ட வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். ஜூன் 30 அன்று முடிகிறது என்றால் மார்ச் மாதம் முடிவதற்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், தாமதித்தால் வேலையில்லாதபோது கிடைக்கும் உதவித்தொகையில் ஒரு வாரம் போகும். "இந்த லீகாவுக்கு மட்டும் செல்லும்", அதாவது இந்த அடுக்கில் ஆடும்வரை மட்டும், என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அணி கீழே இறங்கினால் ஒப்பந்தமும் போச்சு. கிளப்பே திவாலாவதும் உண்டு. 2022 மார்ச்சில் மூன்றாம் லீகாவிலிருந்து துர்க்குச்சு மியூனிக் பாதியிலேயே விலகியது. அப்படி ஆனால் நின்றுபோன சம்பளத்தில் மூன்று மாதம் வரை அதே அலுவலகம் கொடுக்கும், ஆனால் இரண்டு மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

அந்த சென்டர் பேக் இப்போது ஐந்தாம் அடுக்கில் ஆடுகிறார். பையின் பக்கவாட்டு ஜிப்பில் டே-ஆர்ட்ஸ்ட் முகவரி எழுதிய சீட்டு ஒன்று வைத்திருக்கிறார். போன மாதம் எதிரணிப் பையன் ஒருவனுக்கு அதை எடுத்துக் கொடுத்தாராம்.