டேக்: எண்ணிம ஒப்புமை மாற்றி

ஆம்ப்ளிஃபையரைத் தாங்களே அசெம்பிள் செய்பவர்கள் அடிக்கடி சொல்வது: "டேக் போர்டை மாத்தணும்." ‘டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்தான் டேக். எண்களாக வரும் இசையை மின்னழுத்தமாக்கும் ஐசி என்ற சில்லுக்கும், அது உட்கார்ந்திருக்கும் போர்டுக்கும் இதே பெயர்.

லத்தீனில் ‘டிஜிட்டஸ்’ என்றால் விரல். விரல்விட்டு எண்ணும் பழக்கத்தால் அது இலக்கத்தையும் குறிக்கத் தொடங்கியது. 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. அனலாக் கிரேக்கச் சொல்: ‘அனலோகோஸ்’, விகிதத்தில் ஒத்தது. காற்றழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஒத்தபடி மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது, அதனால் அந்தப் பெயர்.

டிஜிட்டலுக்குத் தமிழில் எண்ணிமம், எண்ம, இலக்கமுறை என்று பல சொற்கள் புழங்குகின்றன, எதுவும் தவறில்லை. அனலாக்தான் சிக்கல். ‘தொடர்முறை’ என்று சிலர் எழுதுகிறார்கள். விட்டுவிடாமல் தொடர்ந்து மாறுவது என்ற பொருள் சரிதான், ஆனால் மின்சுற்றில் தொடர் என்றாலே தொடரிணைப்பு நினைவுக்கு வந்துவிடும். ‘ஒப்புமை’ அந்தக் குழப்பத்தைத் தராது, மூலப்பொருளையும் காப்பாற்றுகிறது. ஆகவே எண்ணிம ஒப்புமை மாற்றி. வெறும் ‘மாற்றி’ என்று சுருக்கக் கூடாது; அதே பெட்டிக்குள் மின்மாற்றியும் இருக்கும், அப்புறம் ‘மாற்றியை மாற்றினேன்’ என்றால் எதை என்று கேட்பார்கள். ஆம்ப்ளிஃபையரை ஒலிபெருக்கி என்பதும் சரிப்படாது, அந்தப் பெயரை ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. ‘பெருக்கி’ போதும்.

அப்கிரேட் என்பதைத் தரமுயர்த்தல் எனலாம். ஆனால் போர்டை மாற்றியதாலேயே தரம் உயர்ந்துவிடாது. பலரும் வாங்கும், பிசிஎம்5102ஏ என்ற டேக் ஐசி உள்ள போர்டையே எடுத்துக்கொள்வோம். பிட் கடிகாரம் (பிட்டுக்கு ஒரு துடிப்பு), இடவல அடையாளம் (இடதா வலதா என்பது), தரவு என்று மூன்று சிக்னல் ஒயர்கள், அவற்றோடு கிரவுண்டும் சப்ளையும். எஸ்சிகே என்ற, வெளிக் கடிகாரத்துக்கான பின்னைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால், பிட் கடிகாரத்தை வைத்துத் தனக்கு வேண்டிய கடிகாரத்தை ஐசி தானே உள்ளே உருவாக்கிக்கொள்ளும். அந்தப் பின்னை அந்தரத்தில் விட்டால் இரைச்சலோ மௌனமோதான் மிஞ்சும். பல போர்டுகளில் அதைக் கிரவுண்டோடு சேர்ப்பதற்கென்றே, சால்டரால் நிரப்ப ஒரு சின்ன இடைவெளி இருக்கும், பார்வைக்குத் தப்பிவிடும்.

இன்னொன்று: இந்த ஐசியின் முழு வெளியீடு 2.1 வோல்ட். பழைய டேக் 1 வோல்ட்தான் தந்திருந்தால், வால்யூமைத் தொடாமலேயே சத்தம் கூடும். கூடுதல் சத்தத்தைக் காது கூடுதல் தரமாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டால்தான் உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்று தெரியும்.