பெமிக்கன் உப்புக்கண்டம் அல்ல

கனடாவின் பழைய விலங்கு மயிர்த்தோல் வணிகத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள், உலர்ந்த இறைச்சித் தூளும் கொழுப்பும் சேர்ந்த ‘பெமிக்கன்’ என்ற உணவு வரும் இடத்தில் ‘உப்புக்கண்டம்’ என்று போடுகிறார்கள். போன வாரம் மூன்றாவது முறையாகப் படித்தேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல் கனடாவின் பூர்வகுடிகளான கிரீ மக்களின் மொழியிலிருந்து வந்தது. மூல வடிவம் பிமீஹ்கான். வேர் ‘பிமி’, அதாவது கொழுப்பு.

சரி, உப்புக்கண்டத்துக்கு வருவோம். கண்டம் என்றால் துண்டு. கறியைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் காயவைப்பது நம் வழக்கம். பிமீஹ்கானில் உப்பும் இல்லை, கண்டமும் இல்லை. சமவெளிக் கிரீ மக்கள் பைசன் என்னும் காட்டெருமையின் இறைச்சியை மெல்லிய தகடாக அரிந்து, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, இடித்துத் தூளாக்குவார்கள். ஏறக்குறைய அதே எடைக்குக் கொழுப்பை உருக்கி ஊற்றிப் பிசைந்து, தோல் பையில் அடைப்பார்கள். சில சமயம் சாஸ்கட்டூன் என்ற சிறு காட்டுப்பழமும் சேரும். வணிகத்துக்குப் போன பை ஒன்று சுமார் 40 கிலோ. வெறும் உலர்ந்த இறைச்சிக்குக் கிரீயில் ‘காஹ்கேவக்’ என்று தனிச்சொல்லே உண்டு. உப்புக்கண்டத்தை ஒப்பிடுவதானால் அதோடு ஒப்பிடலாம். அவர்கள் இரண்டு பெயர் வைத்திருக்கும்போது நாம் ஏன் ஒன்றாகக் குழப்ப வேண்டும்?

‘இறைச்சிப் பொடி’ என்று மொழிபெயர்த்தாலும் கொழுப்பு காணாமல் போகிறது. நாள் முழுக்கத் துடுப்புப் போட்ட தோல் வணிகப் படகோட்டிகளுக்கு வலுக் கொடுத்ததே அந்தக் கொழுப்புதான். 1814 ஜனவரியில் கனடாவின் செவ்வாற்று (ரெட் ரிவர்) குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டோனல், பெமிக்கன் அங்கிருந்து வெளியே போகத் தடை போட்டார். அதை நம்பியிருந்த தோல் வணிகர்களோடு அதில் வளர்ந்த பகை, 1816இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் உயிர்ப்பலி வாங்கிய மோதல் வரை போனது. உப்புக்கண்டத்துக்கா இவ்வளவு சண்டை என்று வாசகர் கேட்டால், தப்பு மொழிபெயர்ப்பாளருடையது. அகராதியைப் புரட்டாமல் நம் சமையலறையில் தேடினால் இப்படித்தான் ஆகும்.

‘கொழுப்புக்கட்டி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது உடம்பில் வரும் கட்டி, ஐயா!

என் தேர்வு ‘நிணவூன்’. சங்கப் பாடல்களில் நிணம் என்றால் கொழுப்பு, ஊன் என்றால் இறைச்சி; செய்பொருள் இரண்டும் பெயரிலேயே வந்துவிடுகின்றன. பழைய வாடை அடிக்கிறது என்பவர்கள் பெமிக்கன் என்றே விட்டுவிடட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை, அந்தச் சொல்லுக்குள்ளாவது ‘பிமி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.