‘ஹெல்த் டிஸ்பாரிட்டி’க்குத் தமிழ் என்ன?

பொது சுகாதார ஆய்வுகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘ஹெல்த் டிஸ்பாரிட்டி’. தமிழில் எழுதுவோர் இதை ‘ஆரோக்கிய வேறுபாடு’ என்கிறார்கள், சிலர் ‘சுகாதார இடைவெளி’ என்கிறார்கள். பொருள் ஓரளவு வந்துவிடுகிறது, உறைப்பு வரவில்லை.

வேர் இலத்தீன். ‘பார்’ என்றால் சமம், இணை. அதன் முன்னால் ‘டிஸ்’ சேர்ந்தால் இணையில்லாதது, சமமற்றது. ‘ஹெல்த்’ பழைய ஆங்கிலத்தில் முழுமை, குறைவின்மை என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஆனால் வேரை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும். துறைக்காரர்கள் எதை டிஸ்பாரிட்டி என்கிறார்கள், எதைச் சொல்வதில்லை என்று பார்க்க வேண்டும்.

எண்பது வயது ஆச்சிக்கு முழங்கால் வலி, இருபது வயதுப் பேத்திக்கு இல்லை. இது வேறுபாடு, வயது செய்யும் வேலை. இதை யாரும் டிஸ்பாரிட்டி என்பதில்லை.

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாங்கட்டில் ஆச்சி உட்கார்ந்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய பிரஷர் மெஷினின் பட்டையைத் தினமும் காலையில் கையில் சுற்றி, வரும் எண்ணை நோட்டில் குறித்து வைக்கிறார். கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் பிரஷர்தான். அவருக்கான மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வரிசையில் நின்று வாங்கி வர அரை நாள் ஆகும்; அன்றைய கூலியில் பாதி போகும். மாத்திரை தீர்ந்து பத்து நாளாகியிருக்கும். “தலையெல்லாம் சுத்தலையே ஆச்சி, அடுத்த வாரம் போயிக்கிறேன்” என்பார். ரத்தக்கொதிப்புக்குத் தலைசுற்றல் வந்தே ஆகவேண்டும் என்றில்லை. சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் இதயத்தையும் மூளையின் ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். நோய் ஒன்று, மருந்தும் ஒன்று, முடிவு மட்டும் இருவருக்கும் இரண்டு. டிஸ்பாரிட்டி என்பது இதைத்தான்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த அரை நாள் கூலியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான் இத்திட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது.

பிரிட்டனில் 1948 முதலே எல்லாருக்கும் இலவச மருத்துவம் உண்டு. அப்படியிருந்தும் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் சாவு விகிதம் மேல்தட்டு வேலைக்காரர் குடும்பங்களைவிடக் கூடுதலாகவே இருந்தது என்று 1980-இல் டக்ளஸ் பிளாக் தலைமையிலான குழு எடுத்துக்காட்டியது. அங்கே ‘இன்ஈக்வாலிட்டி’ என்ற சொல் வழக்கில் நின்றது, அமெரிக்காவில் ‘டிஸ்பாரிட்டி’. 1990-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகத்துக்காக எழுதிய மார்கரெட் வைட்ஹெட் அநீதியையும் சேர்த்துச் சொல்லும் ‘இன்ஈக்விட்டி’ என்ற சொல்லின் வரையறையை இறுக்கிக் கட்டினார்: தேவையற்றது, தவிர்க்கக்கூடியது, நியாயமற்றது. மூன்றும் சேர்ந்த உடல்நல வேறுபாடே இன்ஈக்விட்டி.

கூடவே வரும் ‘பாப்புலேஷன் ஹெல்த்’தையும் பார்த்துவிடலாம். ‘மக்கள்தொகை ஆரோக்கியம்’ என்று எழுதுவது சரியில்லை. மக்கள்தொகை என்பது எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு உடல்நலம் ஏது? ‘மக்கள் நல்வாழ்வு’ என்று அரசுத் துறையின் பெயரிலேயே நல்ல சொல் இருக்கிறது. டேவிட் கிண்டிக்கும் கிரெக் ஸ்டாடர்ட்டும் 2003-இல் தந்த விளக்கப்படி, ஒரு மக்கள் கூட்டத்தின் மொத்த நலம் மட்டும் போதாது, அந்த நலம் அவர்களுக்குள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் இது. சராசரி உயர்ந்தும் அடித்தட்டு அப்படியே கிடக்கலாம். குறளும் ‘பிணியின்மை’யை நாட்டுக்கு அணியான ஐந்தில் முதலாவதாகச் சொல்கிறது, சொல்லியிருப்பது ‘மருந்து’ அதிகாரத்தில் அல்ல, ‘நாடு’ அதிகாரத்தில்.

இனி, தமிழ்ச் சொல். டிஸ்பாரிட்டிக்கு ‘உடல்நல ஏற்றத்தாழ்வு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். ‘வேறுபாடு’ வெறும் வித்தியாசத்தைச் சொல்லும். ‘ஏற்றத்தாழ்வு’ ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்பதைச் சேர்த்துச் சொல்லும். இன்ஈக்விட்டிக்கு இன்னும் காட்டமான சொல் வேண்டும். ‘ஓரவஞ்சனை’ இருக்கிறது. ‘பந்திவஞ்சனை’ அதைவிடக் கச்சிதம். ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஓர் இலைக்கு இரண்டாம் முறையும் நெய் ஊற்றிவிட்டு அடுத்த இலையைத் தாண்டிப் போவதற்குப் பெயர் அது. விருந்துக்குப் பேர்போன செட்டிநாட்டில் இந்தக் குற்றத்தின் கனத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கடுமையான சொல் தேவையா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சரித்திரமே பதில். செட்டிநாட்டு ஊர்கள் பலவும் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்ததை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது என்பதும் அவற்றில் அடக்கம். கொக்கிப்புழு மண்ணிலிருந்து பெரும்பாலும் வெறுங்கால் வழியாகவே உடம்புக்குள் ஏறுகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சி, சோகையில் தள்ளுகிறது. செருப்பைத் தடுத்தவர்கள் அந்தப் புழுவுக்கும் வழி திறந்துவிட்டார்கள். இதை ‘ஆரோக்கிய வேறுபாடு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எழுதும்போது இப்படிப் பிரித்து வழங்கலாம்: “முதியோருக்கும் இளையோருக்கும் மூட்டு நோயில் வேறுபாடு உண்டு.” “நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே பிரஷர் சிகிச்சையில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது.” “துணை சுகாதார நிலையத்தை ஊருக்குள் கட்டி, காலனிக்காரர்களைத் தூரம் நடக்கவிட்டது பந்திவஞ்சனை.”