கடைசிக் குழாயில் ஒரு நிமிடம்

கட்டடங்களின் தண்ணீர் அமைப்பில் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி வளர இடமிருக்கிறதா என்று சோதிக்கப் போகும்போது, என்னை முதலில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அறைக்குத்தான் அழைத்துச் செல்வார்கள். தொட்டியின் தெர்மாமீட்டர் 60 டிகிரி செல்சியஸ் காட்டும். பதிவேட்டிலும் நாள் தவறாமல் 60 என்றே இருக்கும், சில சமயம் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது போல. தொட்டிக்கு வெகு தொலைவில், ஆள் புழங்காத குழாய் எது என்று நான் கேட்கும்போதுதான் பேச்சு நிற்கும்.

லெஜியோனெல்லா பாக்டீரியா ஆற்றிலும் ஏரியிலும் சிறு அளவில் இருப்பதுதான். கட்டடத்துக்குள் வந்து, 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பும் அசையாத நீரும் கிடைக்கும்போது அது பெருகுகிறது. குழாயின் உட்புறத்தில் படியும் வழவழப்பான படலமும் உப்புப் படிவும் துருவும் அதற்கு உணவும் மறைவிடமும் ஆகின்றன. அந்தப் படலத்தில் வாழும் அமீபாவுக்குள்ளும் அது புகுந்து பெருகுவதால், குளோரின்கூட அதை எளிதில் எட்டுவதில்லை.

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாட்டையொட்டி 182 பேர் நிமோனியாவால் பாதிக்கப்பட்டு, 29 பேர் இறந்தனர். பலர் வீடு திரும்பிய பிறகே நோயில் விழுந்தார்கள். காரணமான பாக்டீரியா அடுத்த ஜனவரியில்தான் அடையாளம் காணப்பட்டது. அதன் பெயரும் அந்த அமைப்பிலிருந்தே வந்தது. இன்றும் சிக்கல் அதேதான்: தொற்றியபின் அறிகுறி தெரிய பெரும்பாலும் 2 முதல் 10 நாட்கள் ஆவதால், விடுதியில் தங்கிச் சென்ற விருந்தினர் எங்கோ மருத்துவமனையில் படுத்திருக்கையில் அவர் குளித்த ஷவரை யாரும் நினைப்பதில்லை. ஷவர், பெரிய ஏசி அமைப்புகளின் நீரைக் குளிர்விக்கும் கூலிங் டவர், நீரூற்று ஆகியவற்றிலிருந்து பறக்கும் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதே நோய் தொற்றும் முக்கிய வழி. முதியவர்களும் புகைபிடிப்பவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள்.

ஒரு தங்கும் விடுதியின் மேல்தளக் கடைசி அறையைச் சாமான் அறையாக மாற்றியிருந்தார்கள். திவலை பறக்காமலிருக்க ஷவர் தலையை முதலில் கழற்றிவிட்டு, தண்ணீரை மெதுவாக வாளியில் விட்டுத் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். வெந்நீர் ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரியைத் தொட வேண்டும். இரண்டு நிமிடமாகியும் 41ஐத் தாண்டவில்லை. ஷவர் தலையின் துளைகளில் வெள்ளை உப்பு அடைத்திருந்தது. உட்புறத்தைத் தொட்ட கையுறையில் பழுப்பு நிறக் கொழகொழப்பு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே, எப்போதோ அகற்றிய வாஷ்பேசினுக்குச் சென்ற இரண்டு மீட்டர் குழாய், முனையில் மூடியுடன் அப்படியே நின்றது. ‘டெட் லெக்’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: முட்டுச் சந்து போன்ற குழாய், உள்ளே நீர் நிற்கும், வெளியேறாது.

இத்தகைய இடத்தில் குளோரின் போன்ற கிருமிநீக்கி மருந்தை அதிகமாகக் கொட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் நீர் ஓடாத இடத்துக்கு மருந்தும் போவதில்லை. பயன்பாடு குறைந்த குழாய்களை வாரம் ஒருமுறையாவது திறந்துவிடுவதும், ஷவர் தலைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்பு நீக்கிக் கழுவுவதும் செலவில்லாத வேலைகள். சூடு குறையாமல் வரும் வெந்நீர் தோலைச் சுட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு, வெந்நீரோடு குளிர்ந்த நீரைக் கலந்துவிடும் கலவை வால்வைக் குழாய்முனைக்கு மிக அருகில் பொருத்த வேண்டுமே தவிர, தொட்டியின் சூட்டைக் குறைக்கக் கூடாது. குளிர்ந்த நீரை 20 டிகிரிக்குக் கீழே வைக்க முடியாத வெப்பமான இடங்களில் கிருமிநீக்கியின் அளவைக் குழாய்முனையில் அளந்தே ஆக வேண்டும். ஆய்வக அறிக்கையில் கிருமி ‘இல்லை’ என்று வந்தால், அது அந்தக் குழாயின் அன்றைய நீரைப் பற்றிய பதில் மட்டுமே.

அந்த விடுதியில் பிளம்பர் பழைய குழாயைப் பிரதான குழாயிலிருந்து பிரியும் இடத்திலேயே வெட்டி அடைத்தார். வெந்நீர் தொட்டிக்குத் திரும்பி வரும் பாதையில் பாதி மூடிக்கிடந்த வால்வையும் அவரே கண்டுபிடித்துச் சரிசெய்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கடைசி அறையில் அளந்தபோது 53 டிகிரி வந்தது. பதிவேட்டில் ‘எந்தக் குழாய்’ என்று ஒரு புதிய பத்தி போடச் சொல்லிவிட்டு வந்தேன்.